கால் வீங்கும் முன்னே

(ஷஃபான் மாதம் ஷாதி மஹாலில் நடந்த குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமையை உலக சிறுநீரக தினமாக 2006-லிருந்து அனுசரித்து வருகிறார்கள். இந்த ஆண்டு அந்த நாள் ரமலானுக்குள் வருகிறது. நோன்பு நேரத்தில் யாரையும் உட்கார வைத்து நீண்ட பேச்சுப் பேச முடியாது. பேச வேண்டிய விஷயமும் ரமலானுக்கு முன்பே முடிய வேண்டிய விஷயம். அதனால் உங்களை இப்போதே அழைத்தோம்.

நம் மருத்துவ உதவிக் கமிட்டி மாதம் ஒருமுறை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடுவது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் பிரசவச் செலவு, குடலிறக்க ஆபரேஷன், கண்புரை, விபத்து என்றுதான் மனுக்கள் வரும். டயாலிசிஸ் என்ற சொல் எப்போதாவது காதில் விழும். இப்போது டயாலிசிஸ் மனு இல்லாத கூட்டமே இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம்தானே, பிறகு எதற்கு மனு என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அட்டை இருந்தால் இயந்திரத்துக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். போகவர ஆட்டோ வேண்டும். துணைக்குப் போகும் மகனுக்கு அன்றைய கூலி போச்சு. ரத்தம் ஊற ஊசி, மாத்திரை எல்லாம் வேறு. அதோடு, அந்த அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரத்துக்குச் சற்று மேலே சம்பாதிக்கும் மளிகைக்கடைக்காரர் அட்டைக்கும் ஆளில்லை, தனியார் மருத்துவமனைக்கும் ஆளில்லை. நம்மிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

மனுவோடு வரும் குடும்பத்தாரிடம் கமிட்டி ஒரு கேள்வி கேட்கும்: நோய் எப்போது தெரிய வந்தது? பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "வாப்பாவுக்குக் கால் வீங்குச்சு, வெயிலில் நின்றதால் என்று நினைத்தோம். பிறகு சாப்பாடு இறங்கல, மூச்சு வாங்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனால் உப்பு எட்டு இருக்கு, உடனே டயாலிசிஸ் என்கிறார்கள்." சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று அடுத்துக் கேட்டால், பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்பார்கள். மாதாமாதம் ரத்தச் சர்க்கரை பார்த்த சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கட்டில் சிறுநீரில் புரதம் பார்த்த சீட்டு ஒன்றுகூட இருக்காது. இன்றைய பேச்சு அந்த இல்லாத சீட்டைப் பற்றியதுதான்.

அல்லாஹ் நமக்குக் கொடுத்திருக்கும் இரண்டு சிறுநீரகங்களில் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவ்வளவு உபரி இருப்பதால்தான் ஒன்றைத் தானம் செய்தவரும் நல்ல வாழ்க்கை வாழ முடிகிறது. ஆனால் அந்த உபரியே நம்மை ஏமாற்றவும் செய்கிறது. வடிகட்டிகள் பழுதாகத் தொடங்கினால் வலிக்காது, காய்ச்சல் வராது. மீதியுள்ளவை கூடுதல் பாரத்தைச் சுமந்துகொள்ளும். பாதி போன பிறகும் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பெரிதாக ஏறாது. கால் வீங்கி, பசி போய், உடம்பில் அரிப்பு வரும்போது மிச்சம் இருப்பது அநேகமாகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். போனது திரும்பி வருவதில்லை. இருப்பதைக் காப்பாற்றலாம். எவ்வளவு முன்னால் தெரிகிறதோ அவ்வளவு காப்பாற்றலாம்.

நம் ஊரில் "உப்பு கூடிவிட்டது" என்று சொல்கிறோமே, அது சாப்பாட்டு உப்பு அல்ல. தசைகளில் உண்டாகி ரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவைத்தான் அப்படிச் சொல்கிறோம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் சிலர் கஞ்சியில் உப்பைக் குறைத்துவிட்டு நோயைக் குறைத்துவிட்டதாக நம்பிக்கொள்கிறார்கள். உப்பைக் குறைப்பது பிரஷருக்கு நல்லது, அதைச் செய்யுங்கள். ஆனால் சோதனை எடுக்காமல் அது மட்டும் போதாது.

பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பது. நல்ல வடிகட்டி புரதத்தை வெளியே விடாது. கசிகிறது என்றால் வலை கிழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டாவது, ரத்தத்தில் கிரியேட்டினின். அந்த எண்ணோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற மதிப்பீடு கிடைக்கும். அது 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தால், அல்லது புரதம் மூன்று மாதம் தொடர்ந்து கசிந்தால், அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள். ஒருநாள் சோதனையில் புரதம் தெரிந்தால் பதற வேண்டாம். காய்ச்சல் இருந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும், பெண்களுக்கு விலக்கு நாட்களிலும் தெரியலாம். மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆரம்பத்தில் தெரிந்துவிட்டால் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். லோசார்டான், டெல்மிசார்டன், எனாலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் பிரஷரைக் குறைப்பதோடு இந்தக் கசிவையும் குறைக்கின்றன. டபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தையும் காக்கிறது என்று பெரிய ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. 2020-ல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்த பிறகு இங்குள்ள கம்பெனிகளே தயாரிக்கத் தொடங்கி விலையும் இறங்கிவிட்டது. இவற்றை யாருக்கு எப்போது கொடுப்பது என்பது டாக்டர் முடிவு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் ஏழை நாட்டில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியும் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அமைப்பும் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் 1990-களில் செய்து காட்டினார்கள். சுமார் 25,000 மக்கள். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். அவர்கள் பிரஷர் பார்த்தார்கள். சிறுநீரில் சில சொட்டு சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டார்கள். புரதம் இருந்தால் அது பால் போலக் கலங்கும். பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்கிச் சர்க்கரை பார்த்தார்கள், பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகள் செய்வது போலத்தான். சர்க்கரையும் பிரஷரும் இருந்தவர்களுக்கு அன்று கிடைத்த மிக மலிவான மருந்துகளைக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். செலவு தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 ரூபாய். சில ஆண்டுகள் கழித்து, இந்தப் பணி நடக்காத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டபோது, சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களின் விகிதம் பாதிக்கும் கீழே இருந்தது. பெரிய கட்டிடம் இல்லை, ஸ்கேன் இல்லை. ஆள் தேடிப் போனார்கள், பிறகு விடாமல் போனார்கள். நம்மைப் போன்ற அறக்கட்டளைகள் படிக்க வேண்டிய பாடம் அந்த "விடாமல்" என்பதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

இனி அரசு என்ன செய்கிறது என்று பார்ப்போம். சர்க்கரை, பிரஷர், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 2010-ல் வந்தது. 30 வயதைக் கடந்த எல்லோருக்கும் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வேண்டும் என்பது அதன் வழியில் வந்த கொள்கை. 2016-ல் மத்திய பட்ஜெட்டில் மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பைகளும் அத்திட்டத்தில் கிடைக்கின்றன. 2023-ல் அரசு மருத்துவ நிலையங்களில் சிறுநீரைச் சோதித்துச் சிறுநீரகப் பாதிப்பை ஆரம்பத்திலேயே பிடிக்கும் ஏற்பாட்டையும் மாநில அரசு தொடங்கியது. 2025 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலத்துக்கென்றே முதன்முறையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

இவற்றை நாம் மனமாரப் பாராட்டத்தான் வேண்டும். குறையும் சொல்ல வேண்டும். வரிசையைப் பாருங்கள்: இயந்திரம் முதலில் வந்தது, சிறுநீர்க் குச்சி ஏழு வருஷம் கழித்து வந்தது. அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. சகோதரிகளே, உங்களுக்கு இது தெரியும். கர்ப்பமாக இருக்கும்போது ஒவ்வொரு முறை ஆரம்ப சுகாதார நிலையம் போனாலும் செவிலியர் சிறுநீரில் புரதம் பார்க்கிறாரே, எத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறார்! அதே கட்டிடத்தில், அதே மேசையில் பார்க்கலாமே! குழந்தையின் உம்மாவுக்குப் பார்த்ததைச் சர்க்கரை உள்ள வாப்பாவுக்கும் பார்க்க வேண்டும் என்பது ஒரு கொள்கையாக வருவதற்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

எல்லோரையும் சோதிக்கத்தான் வேண்டுமா என்பதில் மருத்துவ உலகத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு. அறிகுறி இல்லாத பொதுமக்கள் அனைவரையும் சோதிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012-ல் சொன்னது. எல்லோரையும் சோதித்தால் தேவையில்லாத பயமும் தேவையில்லாத செலவும் வரும் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் சர்க்கரை உள்ளவர், பிரஷர் உள்ளவர், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர் ஆகியோரைப் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நம் ஏற்பாடும் அவர்களுக்குத்தான். ஊரையே கூட்டி முகாம் நடத்தும் எண்ணம் இல்லை.

முகாம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்தித் தருவதாக எங்களிடம் வந்தது. கேட்டுப் பார்த்ததில், புரதம் தெரிந்தவர்களை மறுவாரம் அவர்கள் மருத்துவமனைக்கே வரவழைத்துப் பணம் கட்டி ஸ்கேன் எடுக்க வைப்பது என்பது வரைதான் அவர்கள் திட்டம் இருந்தது. மூன்று மாதம் கழித்து யார் பார்ப்பார் என்று கேட்டோம். பதில் இல்லை. மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அரசு ஏற்பாட்டிலும் ஓட்டை விழுவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான். குச்சி நிறம் மாறினால் கிரியேட்டினின் பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டு சட்டைப்பையிலேயே துவைபட்டுப் போகிறது. யாருக்குச் சீட்டு கொடுத்தோம், அவர் போனாரா, மறுபடி வந்தாரா என்று பெயர் பெயராகத் தேடும் பதிவேடு வேண்டும். இன்னொன்று, தன்னார்வலர் பகலில் வருகிறார். பகலில் நம் வீடுகளில் ஆண்கள் யார் இருக்கிறார்கள்? கடையில் இருப்பார்கள், இல்லை சபுரில் இருப்பார்கள். ஆகவே வட்டார மருத்துவ அலுவலருக்கு ஜமாஅத் சார்பில் மனு கொடுக்கிறோம். சிறுநீரோடு கிரியேட்டினினும் ஒரே நாளில் எடுக்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிறாவது எங்கள் பகுதிக்கு ஒதுக்க வேண்டும், மறு அழைப்புப் பதிவேட்டை நம் பெண்கள் குழு பேணும் என்பதே அந்த மனு. உங்கள் கையெழுத்து வேண்டும். வாசலில் தாள் இருக்கிறது.

சபுராளிகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் கெடுவதை மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் கண்டுபிடித்தார்கள். வளைகுடாவிலிருந்து இளம் வயதில் சிறுநீரகம் செயலிழந்து திரும்புகிறவர்களைப் பற்றி நேபாள மருத்துவர்கள் கவலையோடு பேசி வருகிறார்கள். கோடையில் நண்பகல் வெளிவேலைக்கு அந்த நாடுகளில் தடை உண்டு. தடை நீங்கிய மாலை நேரத்திலும் வெயில் வெயில்தானே. லீவில் வரும் உங்கள் மகனை, மருமகனை விருந்துக்கு அழைத்துப் போகும் நாட்களில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். அவர் கொண்டுவரும் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு வலி மாத்திரையும் வருகிறதல்லவா, மூட்டு வலிக்கு உம்மா அதைத் தினமும் போட்டுக்கொள்வாரே, அதையும் கவனியுங்கள். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஆகாது. தைலம் தேய்த்துக்கொள்ளட்டும்.

எங்களிடம் வந்த ஆட்சேபங்களுக்கு வருகிறோம். சிறுநீர் நஜீஸ், அதைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் வளாகத்துக்குள் வரலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் இடத்தை ஷாதி மஹாலுக்கு மாற்றினோம். ஒரு தாய், "எனக்கு நோய் இருப்பது பதிவேட்டில் ஏறினால் என் மகளைப் பெண் கேட்டு வரும் இடத்தில் பேச்சாகிவிடாதா?" என்று கேட்டு அனுப்பினார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பதிவேட்டில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். பெயர்ப்பட்டியல் பெண்கள் குழுவின் பொறுப்பாளர் ஒருவரிடம் பூட்டில் இருக்கும். முடிவை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுச் சொல்ல மாட்டோம், உறையில் போட்டு உரியவர் கையில் கொடுப்போம். செயலாளரும் கேட்டுப் பார்க்க முடியாது.

பணத்தைப் பற்றி உறுப்பினர்களிடையே சூடான பேச்சு நடந்தது. டயாலிசிஸில் கிடப்பவருக்கே போதவில்லை, நன்றாக நடமாடுகிறவருக்கு ஏன் செலவு என்றார்கள் சிலர். ஜகாத் உரிய பிரிவினரின் கையில் உரிமையாகச் சேர வேண்டும், வசதியுள்ளவரும் வந்து நிற்கும் சோதனைச் செலவுக்கு அதைத் தொட முடியாது என்று நம் ஆலிம்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஜகாத் நிதியும் அதிலிருந்து போகும் டயாலிசிஸ் உதவியும் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பரிசோதனைக்குச் சந்தா நிதியும் ஸதகா நிதியும் மட்டும்தான். முடிந்தவர்கள் தங்கள் செலவைத் தாங்களே தந்துவிட்டால், இன்னொருவர் சீட்டு அதில் நடக்கும்.

ஏன் ரமலானுக்கு முன்பே என்பதற்கு வருகிறோம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் சிலர் டாக்டரின் கண்காணிப்பில் நோன்பு வைக்கலாம், சிலர் வைக்கக் கூடாது. மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும். சில மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அல்பகரா அத்தியாயத்தில் 184, 185 வசனங்களில் தெளிவாக இருக்கிறது. அந்தச் சலுகை தனக்கு உரியதா என்று ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால், தனக்கு நோய் இருக்கிறதா என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். எண் தெரிந்தால் டாக்டரிடமும் இமாமிடமும் கேட்கலாம். எதுவும் தெரியாமல் பதினான்கு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு, பத்தாம் நோன்பில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்ஷா அல்லாஹ், வரும் இரண்டு ஞாயிறுகளிலும் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை இதே மஹாலில் சோதனை நடக்கும். ஆண்களுக்கு முன்வாசல், பெண்களுக்குப் பின்வாசல். பெண்கள் பக்கம் செவிலியரும் பெண்கள் குழுவும் மட்டுமே இருப்பார்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள், சபுரில் வெளிவேலை செய்தவர்கள், வலி மாத்திரை நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் வாருங்கள். விடிந்ததும் போகும் முதல் சிறுநீரை எடுத்து வந்தால் நல்லது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு வலீமா விருந்தில் கறியை ஒரு கை பார்த்துவிட்டு வந்தால் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும், அன்று மட்டும் கொஞ்சம் கை அடக்கம் வேண்டும். பழைய சீட்டுகளும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். மூடி போட்ட பாட்டில்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கிடைக்கும். பெண்கள் தங்கள் தெருவின் பெண்கள் குழுப் பொறுப்பாளரிடமே வாங்கிக்கொள்ளலாம்.